தறப்பாளில் ஓர் ஊர்

திருகோணமலைக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் இடையில் தூரம் பெரிதல்ல, தண்ணீர்தான் பெரிது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவை நெருங்கியதும் கிளை கிளையாகப் பிரிந்து கழியும் களப்புமாகப் பரந்துவிடுகிறது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை 'பாதை'யில் ஏறி இறங்கித்தான் முன்பு இந்தக் கரையோரத்தைக் கடந்தார்கள். ஆட்களோடு வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை அது. 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் 2011க்குள் பாலங்கள் வந்துவிட்டன. இப்போது பஸ் எந்தத் துறையிலும் நிற்பதில்லை. ஆற்றைக் கடந்தோமா வாய்க்காலைக் கடந்தோமா என்றுகூடப் பயணிக்குத் தெரிவதில்லை.

ஈச்சிலம்பற்றுக்குப் போன பஸ்ஸில் என்னோடு வந்த சிநேகிதி மட்டக்களப்பில் இருக்கும் கலப்பு ஊடக ஓவியர். ஓவியர் என்றதும் தூரிகையையும் வர்ணக் குழாய்களையும் எதிர்பார்ப்பவர்களை அவளுடைய பொதி ஏமாற்றிவிடும். ஓர் உரப்பை நிறையக் கிழிந்த நைலோன் வலை, பழஞ்சீலைக் கரைகள், தும்புக் கயிறு, சிப்பி, நைந்த பன்பாய்த் துண்டுகள். தனியே இரண்டு பிளாஸ்ரிக் போத்தல்கள், ஒன்றில் பைண்டர் கம், மற்றதில் புல்மோட்டைக் கருமணல். வலையைக் கண்ட கொண்டக்டர் "மீன் மணக்குமா?" என்று கேட்டார். "கழுவினது தம்பி" என்றாள். பொதிக்கும் ரிக்கெட் போடலாமா என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. போடவில்லை.

அந்தக் கருமணலைப் பற்றி வழி நெடுகப் பேசினாள். திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் கிடைக்கும் இல்மனைற் மணல் அது. அரசாங்கம் அள்ளிக் கப்பலில் ஏற்றுவதை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவளுக்கு அது ஒரு நிறம். சாதாரண மணலைவிடக் கனம், வெயில் பட்டால் மினுங்கும். கறுப்பு மை பூசிய இடம் தட்டையாகக் கிடக்கும், இந்த மணல் தூவிய இடமோ பார்ப்பவர் நகர நகர வேறு வேறாகத் தெரியும் என்றாள். பசையை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, முதற்பூச்சு எவ்வளவு காயவேண்டும், மணலைத் தூவியபின் பலகையை எந்தக் கோணத்தில் தட்டுவது எல்லாம் அவளுக்கு விரல்நுனியில். இதை எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, ஒரு மழைக்காலம் முழுவதும் பலகை பலகையாகப் பாழாக்கிப் படித்தாளாம்.

மூதூர், கிளிவெட்டி, சேருநுவர என்று பஸ் தெற்கே இறங்கியது. இருபுறமும் வயல். மாவிலாற்றுத் தண்ணீரை நம்பிய வயல்கள் இந்தப் பக்கத்தில் நிறைய. 2006 ஜூலையில் மாவிலாற்று அணையின் கதவுகள் மூடப்பட்டதும், அதைத் திறக்கவென்று படை நடவடிக்கை தொடங்கியதும், நான்காவது ஈழப்போர் அங்கிருந்தே பற்றியதும் செய்தியாக எல்லோருக்கும் தெரியும். ஈச்சிலம்பற்றுச் சனம் அதை நடையாகத்தான் அறிந்தது. வெருகலைத் தாண்டி வாகரைக்கு, வாகரையில் இருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு. மீளக் குடியமர 2007 ஆனது. அந்தப் போருக்கு ஒன்றரை வருடம் முன்னால், 2004 டிசம்பர் 26 அன்று, கடல் வந்துபோயிருந்தது. அலைக்குப் பிறகு கட்டிய கொட்டிலைத்தான் பலரும் போருக்கு விட்டுவிட்டுப் போனார்கள். இப்படி இருமுறை எல்லாம் இழந்த வீடுகளில் பழைய பொருள் என்று எது மிஞ்சும்? தறப்பாள் மிஞ்சியது. முகாமில் தந்த நீலமும் வெள்ளையுமான அந்த விரிப்பு இன்றைக்கும் ஏதாவது ஒரு வளவில் விறகை மூடியோ நெல்லுக் காயவோ கிடக்கிறது.

ஈச்சிலம்பற்றுக்குச் செயலமர்வு புதிதல்ல. சுனாமிக்குப் பின்னும் போருக்குப் பின்னும் இந்தக் கரையில் நடந்த செயலமர்வுகளைக் கணக்கெடுத்தால் ஒரு பாடசாலைத் தவணையைவிட நீளும். உளசமூகப் பயிற்சி, தலைமைத்துவம், பால்நிலை, சுயதொழில், சமாதானம். பெரிய வெள்ளைத் தாள், நாலு நிறப் பேனை, ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பார்சல், மூன்று மணிக்குக் குழுப் படம், சான்றிதழ். பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் வீட்டைவிட்டு வெளியே வந்து நாலு பேரோடு குந்தியிருக்க அது ஒன்றுதான் சாட்டு என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் திட்டம் முடிந்தது, வாகனம் போனது, வளவாளர் திரும்பி வரவில்லை. ஊர்க்காரர் வரவேற்புப் பாட்டையும் நன்றியுரையையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

சிநேகிதியும் ஒரு வளவாளர்தான். அதை மறைக்கிறவள் அல்ல. இந்தத் தீவில் தமிழில் இயங்கும் ஓர் ஓவியர், அதுவும் கொழும்புக் காட்சிக்கூடங்களுக்குத் தொலைவில் இருப்பவர், படம் விற்றுச் சாப்பிட முடியாது. கண்காட்சி வைத்தால் மண்டபச் செலவுக்கே கை கடிக்கும். வளவாளர் கொடுப்பனவுதான் அரிசி. முன்பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள், இளைஞர் கழகத்துக்கு ஒரு நாள், இடையில் ஒரு சுவர்ச் சித்திரம். அந்தக் காசில் மிச்சம் பிடித்துத்தான் தன் படைப்புக்கு நேரம் வாங்குகிறாள். ஈச்சிலம்பற்றுக்கு அவள் முதலில் வந்ததும் ஒரு நிறுவனத்தின் இரண்டு நாள் ஏற்பாட்டில். ஏற்பாடு முடிந்த பிறகும் மாதம் ஒருதடவை தன் செலவில் வருகிறாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் சாதாரணமானது: "முதல் நாள் அவங்க நான் சொன்னதைச் செய்வாங்க. அதில எனக்கு என்ன இருக்கு?"

மண்டபத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். பொதுநோக்கு மண்டபம் என்று பெயர். நெல் மூட்டை, பிளாஸ்ரிக் கதிரை, தேர்தல் பெட்டி எல்லாவற்றுக்கும் பொது. நடுவில் பெரிய தறப்பாள் ஒன்றை விரித்திருந்தார்கள். அது யாரோ ஒருவர் வீட்டுக் கோடியில் கிடந்தது, ஓரத்தில் இன்னும் நிறுவனத்தின் எழுத்துக்கள் அரைகுறையாகத் தெரிகின்றன. அதன்மேல் தங்கள் ஊரைச் செய்கிறார்கள். இப்போதிருக்கும் ஊரை அல்ல, அலைக்கு முந்தியதை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சிநேகிதி முதல் நாளே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் தா. சனாதனன் 2011இல் 'முழுமையற்ற தோம்பு' என்ற கலைநூலை வெளியிட்டார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுதான் தோம்பு. இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதை ஒரு கட்டடக்கலைஞர் அளவுப்படமாக்க, அதன்மேல் சனாதனன் தன் வரைவைச் செய்தார். ஒரே வீடு மூன்று தாள்களில் மூன்று விதமாக இருக்கும். அவர் அதற்கு முன்பு, 2004இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வீடுவீடாகச் சேகரித்த பாவனைப் பொருட்களை வைத்தே ஒரு காட்சி அமைத்திருக்கிறார். ஈச்சிலம்பற்றுப் பெண்களுக்கு அந்த நூலைக் காட்டியபோது ஒருவர் சொன்னாராம், கடதாசி எங்களுக்குத் தங்காது, மழைக்கு ஊறிப்போகும் என்று. தறப்பாள் அப்படித்தான் வந்தது.

அதோடு சிக்கலும் வந்தது. தறப்பாளில் பசை பிடிக்காது. பொலித்தீன் இழையில் நெய்தது, வழுவழுப்பு. பைண்டர் கம் பூசினால் காய்ந்தபின் தோலாக உரிந்து வந்துவிடும். சிநேகிதி வேறு வேறு பசை கொண்டுவந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் வழி சொன்னது வாடியில் வலை பொத்தும் ஒருவரின் மனைவி. ஒட்டுவானேன், தைத்தால் என்ன? வலை ஊசியும் நைலோன் நூலும் வீட்டில் கிடக்கின்றன. அன்றிலிருந்து கத்தரிக்கோலும் ஊசியும்தான். பசைப் போத்தல் பஸ்ஸில் சும்மா போய்வருகிறது.

நான் பார்த்தபோது களப்பு முடிந்திருந்தது: பச்சை வலையை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்து, மேலே சிப்பி. கடற்கரைக்கு வெளிறிய மஞ்சள் சீலை. ரோட்டுக்குத் தும்புக் கயிறு. வீட்டுக்கு வீடு அவரவர் உடுத்துக் கழித்த துணி, ஆகவே எது யாருடைய வீடு என்று பெயர் எழுதத் தேவையில்லை. கருமணலுக்கு என்ன செய்வது என்ற கேள்வி பல நாள் கிடந்திருக்கிறது. ஒட்ட முடியாது, தூவினால் கொட்டும். மெல்லிய துணியில் சிறு சிறு முடிச்சாகக் கட்டித் தைத்துவிட்டார்கள். அந்த முடிச்சுகள் உவர்த்துப்போன கிணறுகள். கடல் வந்துபோன பின் கரையோரக் கிணறுகள் உவர்த்தன, குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருந்த காலம் இங்கே எல்லோர் நினைவிலும் இருக்கிறது. மண்ணின் கனம் துணியை இழுப்பதால் அந்த இடங்களில் தறப்பாள் சற்றே தாழ்ந்து நிற்கிறது. திட்டமிட்டு எந்த ஓவியரும் இதைச் செய்திருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. சிநேகிதியும் அதையே சொன்னாள், கொஞ்சம் பொறாமையோடு.

ஒரு கிணற்றைப் பற்றித் தகராறு. பிள்ளையார் கோயிலடிக் கிணறு அலைக்குப் பிறகு உவர்த்ததா, அதற்கு முன்பே உவரா? இரண்டு பெண்கள் விட்டுக்கொடுப்பதாயில்லை. முடிச்சைத் தைப்பதும் அறுப்பதுமாக இருந்தார்கள். சிநேகிதி தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு மணிக்குப் பார்சல் வரவில்லை, இது அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சோறும் மீன் சொதியும் சம்பலும் கைமாறின.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூதாட்டி வந்தார். ஊரில் பாய் இழைப்பவர். ஆற்றோரத்தில் பன் வெட்டி, வெயிலில் காயவிட்டு, சாயத்தில் அவித்து, இழைக்குமுன் ஈரம் காட்டிப் பதமாக்குவார். சிநேகிதி வயல் வரப்புகளுக்காகப் பன்பாய்த் துண்டு ஒன்றை வெட்டப் போனாள். "வெட்டாத புள்ள" என்று கையைப் பிடித்தார். வெட்டினால் விளிம்பு அவிழும். எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கே இழைத்து, விளிம்பில் இழைகளை மடித்து உள்ளே செருகவேண்டும். உட்கார்ந்து செய்து காட்டினார். சிநேகிதி பக்கத்தில் குந்தினாள். அவளுடைய மடிப்பு இரண்டுதரம் குலைந்தது. மூதாட்டி ஒவ்வொருதரமும் பேசாமல் வாங்கி அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார். மாலைவரை செயலமர்வின் வளவாளர் அவர்தான். கொடுப்பனவு இல்லாமல்.

கைபேசியில் ஒரு படத்தை அவருக்குக் காட்டினாள். 1912இல் பிக்காசோ செய்தது. பிரம்பு பின்னிய கதிரையின் தோற்றம் அச்சடித்த மெழுகுத் துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிவரக் கயிறு கட்டியிருப்பார். கலப்பு ஊடகத்தின் கதையை எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது பின்னினதில்லையே?"

"இல்லை ஆச்சி, பின்னின மாதிரி அச்சடிச்ச துணி."

"ஏன், அங்க பின்னத் தெரிஞ்ச ஆக்கள் இல்லையா?"

கயிறு மட்டும் நல்லது என்றார்.

இந்தக் குந்தியிருந்து கற்கும் முறைக்கு எங்களிடம் ஒரு வழித்தடம் உண்டு. குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்கு, யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே ஆசிரியர். சித்திரப் பாடத்தோடு முடித்துக்கொள்ளாமல் வருடக்கணக்காக இளையவர்களைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தன் பாணியை அவர்கள்மேல் சுமத்தாமல் வளரவிட்டவர். அவரிடம் கற்ற நிலாந்தன், வாசுகி போன்றவர்கள் ஒருவர்போல் ஒருவர் வரையவில்லை என்பதே அவருக்குச் சான்று. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். படைப்புகள் பல அழிந்தன. 2000இல் மறைந்தார். மாணவி கமலா வாசுகி மட்டக்களப்புக்கு வந்து, ஓவியத்தையும் பெண்ணுரிமை வேலையையும் பிரிக்காமல், பெண்களோடும் சிறுவர்களோடும் இத்தனை காலமாக இயங்கிவருகிறார். சி. ஜெயசங்கர் சீலாமுனையில் கூத்தை ஊர்க்காரரோடு சேர்ந்தே மீளுருவாக்கம் செய்ததும் இதே பொறுமையில்தான். மட்டக்களப்பில் வளர்ந்த என் சிநேகிதி இவர்களுடைய காட்சிகளையும் ஆற்றுகைகளையும் பார்த்துப் பார்த்து ஓவியத்துக்கு வந்தவள்.

இன்னொன்று வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. போர் நடுவில், 1996இல், கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் தொடங்கியது. ஹோகன் அதற்கு முன் ரொறன்ரோவில் மாற்றுத்திறனாளிச் சிறுவர்களுக்கான 'ஸ்பைரல் கார்டன்' என்ற கலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளையும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவருவார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், செடி, பிராணிகள். ஒரு குழுவுக்கு வாரம் ஒருநாளாக ஒன்பது மாதம். அங்கே யாரும் பிள்ளையிடம் என்ன நடந்தது சொல்லு என்று கேட்கமாட்டார்கள். மண்ணைப் பிசைய விடுவார்கள். பின்னாளில் வந்த எத்தனையோ உளசமூகத் திட்டங்கள் இந்தப் பூங்காவின் வர்ணத்தையும் களிமண்ணையும் எடுத்துக்கொண்டன. ஒன்பது மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. என் முறைப்பாடு அவ்வளவுதான். இரண்டு நாளில் எந்தக் கையும் மண்ணைப் பழகாது. ஆசிரியரின் கைக்கோ இன்னும் கூடக் காலம் வேண்டும், அன்றைய மடிப்பு குலைந்ததைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

வெயில் தாழ்ந்ததும் ஓட்டோ பிடித்து வெருகலுக்குப் போனோம். சித்திர வேலாயுத சுவாமி கோயில் ஆற்றங்கரையில். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்கள் தங்கிச் செல்லும் இடம். நாங்கள் போனது திருவிழாக் காலமல்ல, வீதி வெறிச்சென்று கிடந்தது. தமிழ் பேசும் கரையோர வேடர் குடிகள் இந்த வட்டாரத்தில் பரவி இருக்கிறார்கள். வடக்கே இலங்கைத்துறை முகத்துவாரத்துக் குன்றில் இப்போது விகாரை நிற்கிறது, தந்ததாது வந்திறங்கிய துறை அதுவென்பது சிங்கள பௌத்த மரபு. ஒரு சிறிய பிரதேசத்தின்மேல் எத்தனை வரைபடங்கள் விரிக்கப்பட்டிருக்கின்றன! சிநேகிதிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஆற்றோரத்துப் பன்னைப் பிடுங்கி விரலில் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று.

திரும்பி மண்டபத்துக்கு வந்தபோது இன்னொரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. தறப்பாள் முடிந்ததும் எங்கே போகும்? மட்டக்களப்பில் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது சிநேகிதியின் விருப்பம். பெண்களில் பாதிப் பேருக்குச் சம்மதமில்லை. போன பொருள் எதுவும் இந்த ஊருக்குத் திரும்பி வந்ததில்லை என்றார் ஒருவர், சிரிக்காமல். சங்கத் தலைவி மண்டபச் சுவரில் மாட்டலாம் என்றார். நெல் மூட்டைக்கு எலி வரும், எலி சிப்பியை விட்டாலும் பன்னை விடாது என்றார் மூதாட்டி. பெயர் யாருடையதாக எழுதப்படும் என்றும் கேள்வி வந்தது. கலைச் சந்தையில் இது பெரிய கேள்வி, சிநேகிதிக்கு அதற்கு உடனே பதில் வரவில்லை. எல்லார் பெயரும் என்றாள் பிறகு. எல்லார் பெயரையும் எழுத இடம் காணாது, சங்கத்தின் பெயர் போதும், உன் பெயரையும் போடு என்று அவர்களே முடித்துவைத்தார்கள்.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது. வெருகல் திருவிழா முடியும்வரை தறப்பாள் ஊரில் இருக்கும், வெளியூரில் இருந்து வரும் சொந்தக்காரர் பார்க்கவேண்டும். பிறகு மட்டக்களப்புக்குப் போகும், தனியாக அல்ல. கிணற்றுக்குச் சண்டைபிடித்த இருவரும் கூடவே போய்க் காட்சி நடக்கும் நாட்களில் பக்கத்தில் நின்று, எது எது என்று வருகிறவர்களுக்குச் சொல்வார்கள். பஸ் காசும் சாப்பாடும் சிநேகிதியின் அடுத்த கொடுப்பனவில் இருந்து. அந்தக் கிணறு உவரா நல்லதண்ணியா என்பதை அதற்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். "ஏன் தீர்க்கணும், வாறவங்களுக்கு ரெண்டையும் சொல்லுவம்" என்றார் இருவரில் மூத்தவர். அடுத்தமுறை வரும்போது நல்ல கத்தரிக்கோல் இரண்டு கொண்டுவரும்படி சங்கத் தலைவி கேட்டுக்கொண்டார். பசை வேண்டாமாம்.